வரைபடம் இல்லாத பிரதி

எங்கள் ஊர்ப்பக்கம் லிவிங்ஸ்டன் என்றால் யாருக்கும் ஆப்பிரிக்கா ஞாபகம் வராது. சைக்கிள் கடை அண்ணாச்சி ஒரு லிவிங்ஸ்டன், எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த சார் ஒரு லிவிங்ஸ்டன், கிறிஸ்துமஸ் பவனியில் டிரம் அடிக்கிற பையன் ஒரு லிவிங்ஸ்டன். பாளையங்கோட்டையிலிருந்து மெஞ்ஞானபுரம், நாசரேத் வரைக்கும் ஒரு சுற்று போய்வந்தால் கால்டுவெல், ரேனியஸ், சார்ஜென்ட் என்று போன நூற்றாண்டுக்கும் முந்தைய மிஷனரிகள் எல்லாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அது ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் குடும்பப் பெயர் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

வேலைக்காக கிளாஸ்கோ வந்த முதல் குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லாமல் ரயிலேறி பக்கத்தில் இருக்கும் பிளாண்டயருக்குப் போனேன். ஆப்பிரிக்காவுக்குள் நெடும்பயணம் போன மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1813இல் பிறந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. வீடு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பருத்தி ஆலைத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் ஒரே ஒரு அறை, அதற்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும். பத்து வயதில் ஆலைக்குள் போய் அறுந்த நூலை முடிச்சுப் போடும் வேலை பார்த்திருக்கிறார். நூற்கும் இயந்திரத்தின் மேல் லத்தீன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாகப் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார். எனக்கு விக்கிரமசிங்கபுரம் மில் குவார்ட்டர்ஸ்தான் ஞாபகம் வந்தது. அந்த மில்லைக் கட்டிய ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களே. சங்கு ஊதினால் ஓடுகிற பிழைப்பு எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அங்கிருந்து திரும்பிய இரண்டாவது வாரம் ஒரு பழைய புத்தகக் கடையில், அலமாரியின் கீழ்த்தட்டில், முதுகு கழன்று சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்த ஒரு தடிமனான பழுப்பு நிறப் புத்தகம் கண்ணில் பட்டது. ‘தென்னாப்பிரிக்காவில் மிஷனரிப் பயணங்களும் ஆராய்ச்சிகளும்’, டேவிட் லிவிங்ஸ்டன், லண்டன், ஜான் மர்ரி, 1857. விலை 40 பவுண்ட். அந்த வாரச் சாப்பாட்டுச் செலவை விட அதிகம். வாங்கிவிட்டேன். போனில் அம்மாவிடம் சொன்னபோது, “ஏய்யா, அட்டை பிஞ்ச புஸ்தகத்துக்கு நாலாயிரம் ரூவாயா?” என்றார்கள். அதற்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அதுக்கப்புறம் அறுபது எழுபது வாங்கியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் பின்னட்டையின் உட்புறம் ஒரு காகிதப் பை ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஜான் ஆரோஸ்மித் வரைந்த பெரிய மடிப்பு வரைபடம் அதில் இருந்திருக்க வேண்டும். கடைக்காரர் பென்சிலால் முதல் பக்கத்தின் மூலையில் ‘வரைபடம் இல்லை’ என்று பொடி எழுத்தில் குறித்திருந்ததை நான்தான் பார்க்கவில்லை. அவர் ஏமாற்றவில்லை, எனக்குத்தான் அன்றைக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. பழைய பயணப் புத்தகம் வாங்குகிறவர்கள் முதலில் புத்தகத்தைப் படிக்க மாட்டார்கள், எண்ணுவார்கள். படங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமும் அதனதன் பக்கத்தில் இருக்கிறதா, வரைபடம் எத்தனை, மடிப்பு ஓரத்தில் கிழிசல் உண்டா, தலைப்புப் பக்கத்துக்கு முந்தைய தாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரேஷன் கடையில் அளவு பார்ப்பது மாதிரி.

இந்தப் புத்தகம் அபூர்வமானது இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘விக்டோரியா காலத்து முதற்பதிப்பு’ என்றதும் நம் ஆட்கள் கோடி ரூபாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் அச்சிட்ட 12,000 பிரதிகள் போதாமல், வெளிவருவதற்கு முன்பே அதற்கு மேல் கேட்பு வந்துவிட்டது. விலை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அன்றைக்கு ஒரு பண்ணைத் தொழிலாளியின் வாரக் கூலிக்கும் மேல். அதே ஒரு கினியைக் கட்டினால் லண்டனில் மியூடி என்பவர் நடத்திய வாடகை நூலகத்தில் ஒரு வருடம் முழுக்கப் புத்தகம் எடுத்துப் படிக்கலாம். லிவிங்ஸ்டன் புத்தகத்தை அந்த நூலகம் ஆயிரக்கணக்கில் வாங்கியது. ஆகவே இன்று கிடைக்கிற பிரதிகளில் பலவும் எத்தனையோ கை மாறி வந்தவை. அட்டையில் நூலகச் சீட்டு ஒட்டிக் கிழித்த தழும்பு இருந்தால் விற்பனைப் பட்டியலில் அதைக் குறை என்று போடுவார்கள். எனக்கு அந்தத் தழும்பு பிடிக்கும்.

முதலில் வந்த பிரதிகளையும் பிறகு வந்தவற்றையும் பிரித்துச் சொல்ல ஒரு வழி, முகப்பில் இருக்கும் விக்டோரியா அருவிப் படம். ஆரம்பப் பிரதிகளில் அது நிறம் கொடுத்த கல்லச்சுப் படம், பின்னால் வந்தவற்றில் வெறும் மரச்செதுக்குப் படம். என்னுடையது இரண்டாவது ரகம். 1855 நவம்பர் 16 அன்று அந்த அருவியைப் பார்த்துவிட்டு அவர் தன் ராணியின் பெயரை வைத்தார். அங்கிருந்தவர்கள் அதற்கு முன்பே ‘இடி முழங்கும் புகை’ என்ற பொருளில் மோசி-ஓவா-துன்யா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் எது அருவியைப் பார்த்தவன் வைத்த பெயர் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதே புத்தகத்தில் லிவிங்ஸ்டனை ஒரு சிங்கம் கீழே தள்ளி மேலே நிற்கிற படம் ஒன்று உண்டு. 1844இல் மபோட்சா என்ற இடத்தில் நடந்தது. சிங்கம் தோளைக் கவ்விப் பிடித்து, நாய் எலியை உலுக்குகிற மாதிரி உலுக்கியிருக்கிறது. மெபால்வே என்ற உள்ளூர் உபதேசியார் துப்பாக்கியைத் தூக்கியதால்தான் லிவிங்ஸ்டன் உயிர் பிழைத்தார். அந்தக் கை கடைசி வரை சரியாகவில்லை. சரி, அதுவல்ல விஷயம். அச்சாவதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்த லிவிங்ஸ்டன், இது மகா கேவலமாக இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள், சிங்கத்தைத் தெரிந்தவன் எவனும் இதைப் பார்த்தால் சிரித்தே செத்துவிடுவான் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். பதிப்பாளர் எடுக்கவில்லை. வியாபாரம் தெரிந்தவர். அதற்குப் பிறகு வந்த சிறுவர் புத்தகங்கள் எதைத் திறந்தாலும் அந்தச் சிங்கத்தின் பிள்ளையோ பேரனோ உள்ளே இருக்கும். என்னிடமே ஐந்து இருக்கிறது. ஒன்று நாய் மாதிரி, ஒன்று மீசை வைத்த தாசில்தார் மாதிரி.

வரைபடம் எங்கே போகிறது என்பதற்கு வருவோம். பாதி, பயன்படுத்திக் கிழிந்து போகிறது. தினமும் மடித்து மடித்து விரித்தால் வேட்டியே மடிப்பில் கிழிகிறது, இது காகிதம். மீதியை எடுப்பவர்கள் வியாபாரிகள். ஒரு முழுப் புத்தகத்தை விற்பதைவிட, அதிலிருந்து வரைபடத்தையும் நிறப்படங்களையும் உருவிச் சட்டம் போட்டு விற்றால் அதிகம் கிடைக்கும். மிஷனரிப் புத்தகங்களில் இதற்கு அதிகம் பலியானவை ஜார்ஜ் பாக்ஸ்டரின் படங்கள். 1835இல் எண்ணெய் வண்ணங்களால் படம் அச்சிட உரிமம் வாங்கியவர். ஒரு படத்துக்குப் பல மரக்கட்டைகள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. தென்கடல் தீவுகளுக்குப் போன ஜான் வில்லியம்ஸ் 1839இல் எரோமாங்கா தீவில் கொல்லப்பட்டதை பாக்ஸ்டர் அச்சிட்டு விற்றார், அது அந்தக் காலத்தில் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படம். லிவிங்ஸ்டனின் மாமனார் ராபர்ட் மோஃபாட் 1842இல் எழுதிய புத்தகத்திலும் பாக்ஸ்டரின் நிறப்படம் முகப்பில் உண்டு. என்னிடம் இருக்கும் பிரதியில் அந்த இடத்தில் பிளேடு போட்ட கோடு மட்டும் இருக்கிறது. நேராக, சுத்தமாக, பழகின கை.

ஒரு தடவை இணையத்தில் ‘வரைபடங்கள் அனைத்தும் உண்டு’ என்று போட்டிருந்ததை நம்பி நைலின் ஊற்றைத் தேடிப் போன ஸ்பீக் என்பவரின் புத்தகம் ஒன்று வாங்கினேன். 1863இல் வந்தது. வந்து சேர்ந்ததும் வரைபடத்தை விரித்தேன். நல்ல வெள்ளைத் தாள், நாலாக மடித்தது, ஜெராக்ஸ். விற்றவரிடம் கேட்டால் ‘அனைத்தும் உண்டு என்றுதானே சொன்னேன், அசல் என்று சொல்லவில்லையே’ என்றார். பணம் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

இதனாலேயே இருக்கலாம், கொஞ்ச நாளில் நான் குறைப்பிரதிகளை மட்டும் தேடி வாங்குகிறவனாக மாறிவிட்டேன். கையில் காசு இல்லாதது முதல் காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. பளபளவென்று, படம் குறையாமல், பக்கங்களின் மடிப்பை வெட்டிப் பிரிக்காமல் இருக்கிற பிரதி என்றால் நூற்றைம்பது வருடமாக யாரும் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம். மெழுகு சொட்டியது, ஓரத்தில் ‘பொய்!’ என்று பென்சிலில் எழுதியது, காய்ந்த பெரணி இலை இருப்பது, இதெல்லாம்தான் எனக்கு வேண்டும்.

ஒரு தனி ரகம் இருக்கிறது, ஞாயிறு பள்ளிப் பரிசுப் புத்தகங்கள். 1880, 90களில் பார்ட்ரிட்ஜ் கம்பெனி, ரிலிஜியஸ் டிராக்ட் சொசைட்டி போன்றவர்கள் இவற்றை மூட்டை மூட்டையாகப் போட்டார்கள். லிவிங்ஸ்டன் சரித்திரம், மோஃபாட் சரித்திரம், உகாண்டாவுக்குப் போகும் வழியில் 1885இல் கொல்லப்பட்ட பிஷப் ஹானிங்டன் சரித்திரம் என்று. துணி அட்டையில் பனைமரம், ஈட்டி, அஸ்தமனம், எல்லாம் தங்க நிறத்தில். பெரும்பாலும் ஆண்டு போட மாட்டார்கள், போட்டால் அடுத்த வருடம் பழசாகிவிடுமே. அதனால் உள்ளே ஒட்டியிருக்கும் பரிசுச் சீட்டுதான் அதற்குப் பிறந்த தேதி. என்னிடம் உள்ள ஹானிங்டன் புத்தகத்தில், 1894இல் ஒரு சிறுமிக்கு ‘தவறாத வருகைக்காகவும் நல்ல நடத்தைக்காகவும்’ கொடுத்ததாகச் சீட்டு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹானிங்டன் படத்துக்கு அந்தப் பிள்ளை மையால் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறாள். நல்ல நடத்தை. எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் நூறு சதவீத வருகைக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுப்பார்கள். அதில் யாரும் கண்ணாடி வரைய முடியாது.

படிக்கிறதுக்கு இவை சுமார்தான், உண்மையைச் சொன்னால் ரொம்பவே சுமார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. ஒரே மரச்செதுக்குப் படம் ஒரு புத்தகத்தில் ஒரு ஊர் என்றும் இன்னொன்றில் வேறு ஊர் என்றும் வரும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. 1840 முதல் 60கள் வரை வந்த பளிச்சென்ற மரகதப் பச்சைத் துணி அட்டைகள் சிலவற்றில் அந்த நிறமே ஆர்சனிக் கலந்தது. பழைய பச்சைப் புத்தகம் கையில் கிடைத்தால் தடவிப் பார்த்துவிட்டு விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம். அமெரிக்காவில் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் இப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடிப் பட்டியல் போட்டு வருகிறது. என்னிடம் ஒன்று சந்தேகமாக இருக்கிறது, அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். இன்னொன்று, 1857 புத்தகத்தின் தாள் இன்றும் தெளிவாக இருக்க, 1890இல் வந்த புத்தகம் அப்பளமாக நொறுங்குவது ஏன் என்று முதலில் குழம்பினேன். பழையது கந்தல் துணியில் செய்த தாள். பிறகு மரக்கூழ் வந்தது, அதிலிருக்கும் அமிலம் தாளை உள்ளிருந்தே எரித்துவிடுகிறது. பூச்சித் தொல்லை கிளாஸ்கோவிலும் உண்டு. வெள்ளியாக நெளிந்து ஓடுமே, பாட்டி ராமபாணம் என்பார்கள், அதேதான். ராமன் விட்ட அம்பு இவ்வளவு வடக்கே வந்து ஒரு பாதிரியார் புத்தகத்தைத் துளைக்கும் என்று பாட்டியிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது.

சரி, ஏன் இந்தப் புத்தகங்கள்? ஊரில் நண்பர்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். ஒரு கூட்டம், வெள்ளைக்காரன் ஊரைப் பிடிக்க வழி காட்டினவன் புத்தகத்தை எதற்குக் கட்டி அழுகிறாய் என்று கேட்கும். இன்னொரு கூட்டம், பரிசுத்தவான்களைப் பற்றிப் படிப்பது ஆவிக்குரிய ஆசீர்வாதம் என்று முதுகைத் தட்டும். இரண்டு கூட்டமும் இந்தப் புத்தகங்களைத் திறந்து பார்த்ததில்லை. உள்ளே இருப்பது வேறு. எழுதினவரை விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் நடந்தவர்களைத் தேடிப் படித்தால் அது வேறு புத்தகம்.

லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்தார் என்று பள்ளியில் படித்தோம். 1853 நவம்பரில் லின்யான்டியிலிருந்து மேற்குக் கடற்கரையில் இருக்கும் லுவாண்டாவுக்கு அவர் கிளம்பியபோது உடன் போனவர்கள் 27 பேர். ஆள் தந்தது, தந்தம் தந்தது, திரும்பி வந்தபின் கிழக்கே போக மறுபடி ஆளும் பொருளும் தந்தது எல்லாம் லின்யான்டியில் இருந்த மகோலோலோ மக்களின் தலைவர் செகெலெட்டு. அந்தக் கிழக்குப் பயணத்தில் வழிகாட்டியாக வந்தவர் செக்வெபு. ஜாம்பசி ஆற்றங்கரை மொழிகள் தெரிந்தவர். பேசியே பல சண்டைகளைத் தவிர்த்தவர் என்று லிவிங்ஸ்டனே எழுதுகிறார். 1856இல் கடற்கரையை அடைந்ததும், நானும் உங்களோடு உங்கள் ஊருக்கு வருவேன் என்கிறார். அந்தக் குளிரில் நீ செத்துப்போவாய் என்கிறார் லிவிங்ஸ்டன். பரவாயில்லை, உங்கள் காலடியில் சாகிறேன் என்கிறார் செக்வெபு. அதுவரை கடலையே பார்த்திராதவர். அலை மலை மாதிரி எழுகிற அன்றைக்குப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோகிறார்கள். இப்படித்தான் நீங்கள் போவீர்களா என்று கேட்கிறார், திரும்பத் திரும்ப.

கப்பலில் மாலுமிகளுக்கு அவரைப் பிடித்துப்போகிறது, கொஞ்சம் இங்கிலீஷும் பிடிபடுகிறது. ஆகஸ்டில் மொரீஷியஸ் துறைமுகம் நெருங்கும்போது, இழுத்துப் போக ஒரு நீராவிக் கப்பல் வருகிறது. அவ்வளவுதான், புத்தி தடுமாறிவிடுகிறது. அன்று இரவு ஒருவர்மேல் ஈட்டியை ஓங்கிவிட்டுக் கடலில் குதிக்கிறார். நீச்சல் தெரியாமல் மூழ்கவில்லை. நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கைமேல் கையாகத் தன்னையே கீழே இழுத்துக்கொண்டு போனார் என்று லிவிங்ஸ்டன் எழுதுகிறார். உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஓரிரு பக்கம், புத்தகம் முடிந்துவிடுகிறது. டிசம்பரில் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது ஊரே கூடி வரவேற்றது.

இந்த இடத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குளிர்ப் பிரதேசத்துக்கு வந்துசேர்ந்தவன் என்பதால் இருக்கலாம். என் பிரதியில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். என்னைத் தவிர இன்னொருவரும் அங்கே நின்றிருக்கிறார்.

அதிலிருந்து லிவிங்ஸ்டனின் ‘கடைசி நாட்குறிப்புகள்’ மேல் ஆசை வந்தது. லிவிங்ஸ்டன் 1873 மே மாதம், இன்றைய ஜாம்பியாவில் இருக்கும் சிதாம்போ என்பவரின் ஊரில் இறந்தார். அவரோடு இருந்த ஆப்பிரிக்கப் பணியாளர்கள் சூசி, சூமா முதலானவர்கள் இருதயத்தை எடுத்து மரத்தடியில் புதைத்து, உடலுக்கு உப்புப் போட்டு இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணி சுற்றி மரப்பட்டையில் வைத்துக் கட்டிக் கடற்கரை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். 1874 பிப்ரவரியில் பகமோயோ சேர்ந்தார்கள். வழியில் பலர் செத்தார்கள். பாதி வழியில் கேமரன் என்ற ஆங்கிலேய அதிகாரி எதிர்ப்பட்டு, இங்கேயே புதைத்துவிடுங்கள் என்று சொல்கிறார். முடியாது என்றுவிட்டார்கள். அவர் லிவிங்ஸ்டனின் கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

புதைக்கும்போது ஜெபம் வாசித்தவர் ஜேக்கப் வெயின்ரைட். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பையன். படித்தது எங்கே தெரியுமா, நாசிக்கில். சர்ச் மிஷனரி சொசைட்டி அங்கே இப்படி மீட்கப்பட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. சூமாவும் சிறுவயதில் பம்பாயில் படித்தவர்தான். லிவிங்ஸ்டன் 1864இல் ஒரு சின்ன நீராவிப் படகை இந்துமாக்கடலைத் தாண்டி பம்பாய்க்கு ஓட்டிவந்தபோது கூட வந்தவர். இதைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பெருமை பேசலாம் என்று வாயைத் திறந்தால், அடுத்த சில பக்கத்திலேயே மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். அடிமை வியாபாரத்துக்கு முதல் போட்டவர்களில் சான்சிபாரில் கடை விரித்திருந்த குஜராத்தி வணிகர்களும் உண்டு. லிவிங்ஸ்டனுக்கு உதவிக்கு என்று அனுப்பப்பட்ட ஆட்களே அவர்களுடைய அடிமைகள். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்.

அந்த உடலோடு லண்டன் வரை போனவர் வெயின்ரைட் ஒருவர்தான். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1874 ஏப்ரல் 18 அன்று நடந்த அடக்கத்தில் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் அவரும் ஒருவர். சூசியும் சூமாவும் பிறகுதான் வரவழைக்கப்பட்டார்கள். ஒன்பது மாதம் தூக்கிச் சுமந்தவர்களுக்கு அடக்கம் முடிந்த பிறகு டிக்கெட். வந்தவர்கள் ஹோரஸ் வாலர் என்ற பாதிரியாரோடு உட்கார்ந்து, நாட்குறிப்பில் புரியாத இடத்தையெல்லாம் விளக்கினார்கள். அவர்கள் வாய்மொழி இல்லையென்றால் புத்தகத்தின் கடைசிப் பகுதியே இல்லை. 1874 முடிவதற்குள் ஜான் மர்ரி அதை இரண்டு பாகமாக வெளியிட்டார். அட்டையில் லிவிங்ஸ்டன் பெயர், பதிப்பாசிரியராக வாலர் பெயர். மற்ற இருவருக்கும் உள்ளே ஒரு படம்.

அந்த நாட்குறிப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. 1871இல் இன்றைய காங்கோவில் இருக்கும் நியாங்வேயில் தாளும் மையும் தீர்ந்துபோய், பழைய செய்தித்தாளின் மேல், அச்செழுத்துக்குக் குறுக்கே, காட்டு விதையின் சாற்றால் எழுதினார். அந்த ஜூலையில் சந்தையில் நடந்த படுகொலையை நேரில் பார்த்து எழுதிய பக்கங்களும் அதில்தான். சாறு மங்கிப்போய் நூறு வருடத்துக்கு மேல் யாராலும் படிக்க முடியவில்லை. 2011இல் பல நிற ஒளியில் படமெடுத்துப் படித்தார்கள். அச்சில் வந்த கதைக்கும் அங்கே எழுதியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆக, முதற்பதிப்பு என்று நாம் காசு கொட்டுவதே வடிகட்டின சரக்கு.

கால்டுவெல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் பிறந்தது 1814, லிவிங்ஸ்டன் 1813. 1836 வாக்கில் கால்டுவெல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், லிவிங்ஸ்டன் அதே ஊரில் ஆண்டர்சன் கல்லூரியில். இரண்டு பேரையும் அனுப்பியது ஒரே லண்டன் மிஷன். ஒருவர் இடையன்குடிக்கு வந்தார், ஒருவர் அந்தப் பக்கம் போய்விட்டார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856, லிவிங்ஸ்டன் புத்தகம் 1857. ஒப்பிலக்கணத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே கால்டுவெல் 1849இல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கு எங்கள் தேரிக்காட்டு மக்களைப் பற்றிச் சொல்ல எழுதியது. அதில் அந்த மக்களின் புத்தியைப் பற்றியும் பழக்கத்தைப் பற்றியும் இருக்கிற வரிகளை இங்கே எழுத எனக்கு மனசில்லை. பின்னால் அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நான் அதை ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பனையேறிகளைப் பற்றி, பதநீர் காய்ச்சுவதைப் பற்றி, கோடையில் பனங்காட்டுக்குள் போய்க் குடியிருப்பதைப் பற்றி, எல்லாம் நுணுக்கமாக எழுதியிருக்கிறார், நேரில் பார்த்தவர் எழுத்து. பக்கத்து வரியிலேயே அவமானம். என் பாட்டியின் பாட்டி அந்த வெயிலில் எங்கோ நின்றிருப்பாள், அவளையும் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்.

அதற்குப் பிறகு மகோலோலோக்களைப் பற்றி லிவிங்ஸ்டன் எழுதியதைப் பழையபடி படிக்க முடியவில்லை. அங்கே யாருடைய பேரனோ ஒருவன் இதே வரியை இப்படித்தான் படிப்பான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் வாங்குவதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்த மக்களின் அன்றாடத்தை அந்த வருடத்தில் எழுதி வைத்த வேறு தாள் நம்மிடம் நிறைய இல்லை, இதிலிருந்துதான் கல்லைப் பொறுக்கிவிட்டு உலை வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் விக்டவுன் என்று புத்தகக் கடைகளுக்கென்றே பேர்போன ஒரு சின்ன ஊர் இருக்கிறது. போன கோடையில் அந்தப் பக்கம் போனபோது ‘கடைசி நாட்குறிப்புகள்’ இரண்டாம் பாகம் மட்டும் தனியாகக் கிடைத்தது. ஒற்றைப் பாகத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் 25 பவுண்ட். சூசி, சூமா நடந்த நடை எல்லாம் இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது, ஆகவே எனக்கு லாபம். முதல் பாகம் எங்கேயாவது வந்தால் சொல்லுங்கள் என்று தெரிந்த கடைக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம் வேறொரு ஊர்க் கடைக்காரர் போன் செய்தார். முதல் பாகம் அவரிடம் இருக்கிறதாம், அதே துணி, அதே நிறம், வரைபடம் கூட அப்படியே இருக்கிறதாம். எவ்வளவு என்று கேட்டேன். விற்பதற்கில்லை, உன்னிடம் இருக்கிற இரண்டாம் பாகத்தை எனக்குக் கொடுத்துவிடு, நல்ல விலை தருகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான்கு நாளாயிற்று, இரண்டு பேரும் போன் செய்யவில்லை.